சீப்ரன் வீட்டுக் குருவி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சீப்ரன் ஒரு படகு விளையாட்டை எழுத ஆரம்பித்தார். ஒன்பது வருடமாகியும் அதை முடித்தபாடில்லை. எம்எஸ்எக்ஸ் என்று எண்பதுகளில் வந்த சிறு கணினிக்கான விளையாட்டு அது. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் அதற்கு ஓடும். நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து ஏரிகளில் பழைய சரக்குப் படகுகளுக்குப் பாய் கட்டிக் கோடையில் பந்தயம் விடுவார்களே, அதை அச்சு மாறாமல் திரைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். காற்று எந்தப் பக்கம் அடித்தால் பாய் எப்படிப் புடைக்கும் என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறார். நாற்பது வருடம் பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போட்ட மனிதர் அவர். காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல.

அவருடைய தோழி ரென்ஸ்காவுக்குப் படகிலும் பந்தயத்திலும் நாட்டமில்லை. படகுகளைப் பார்ப்பதே அவள் வேலை. கால்வாய்ப் பாலங்களைத் திறந்து மூடுகிறவள். முன்பு பாலத்தடியில் ஒரு மரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். இப்போது எங்கோ ஒரு கட்டிடத்தில் வரிசையாகத் திரைகளை வைத்துக்கொண்டு ஒரு டஜன் பாலங்களை அங்கிருந்தே தூக்குகிறாள். குளிர்காலத்தில் படகுப் போக்குவரத்து அறவே குறைந்துவிடும். அந்த ஓய்வில் அவள் அதே எம்எஸ்எக்ஸுக்கு மனதுக்குள் நிரல் எழுதுவாள். ஐம்பத்தாறு வயது, தனியாள், வேறு பொழுதுபோக்கு கிடையாது.

அவள் எழுதியவற்றில் அவளுக்கே பிடித்தது, யாருக்கும் தெரியாமல் பின்னணியில் கிடந்து நெட்வொர்க்கைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நிரல். இந்தக் கணினி விநாடிக்கு ஐம்பது தடவை செய்கிற வேலையை அரைக்கணம் விட்டுவிட்டு, யாராவது விசையைத் தட்டினார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பும். அந்த அரைக்கணத்தில் ரென்ஸ்கா தன் நிரலை நுழைத்துவிட்டாள். விசையைப் பார்க்கப் போகிற போக்கில் நெட்வொர்க் கார்டின் பக்கமும் ஒரு பார்வை பார்ப்பது, ஏதாவது வந்திருந்தால் வாங்கி வைப்பது, கேள்வி வந்திருந்தால் பதில் அனுப்புவது, வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிடுவது. மேலே ஓடுகிற விளையாட்டுக்குக் கீழே இப்படி ஒன்று நடப்பதே தெரியக் கூடாது.

அந்த ஊர்ப் பக்கத்தில் ஒட்டுக் கேட்கிறவர்களைக் ‘கேட்கும் குருவி’ என்பார்கள். நிரலுக்குக் குருவி என்று பெயர் வைத்தவன் வோபே. பண்ணைகளில் பால் எடுத்துப் போகும் டேங்கர் லாரியை ஓட்டுகிறவன். சீப்ரன், ரென்ஸ்கா, அவன் என்று மூன்று பேர் வீட்டிலும் எம்எஸ்எக்ஸ் இருந்தது. மூன்று வீட்டிலும் குருவி குடியேறியது.

முதலில் சீப்ரன்தான் குறை சொன்னார். விளையாட்டில் படகு திரும்பும்போது ஒரு துளி உதறுகிறதாம். “உன் குருவி என் படகைப் பிடிச்சு இழுக்குது” என்றார். ரென்ஸ்கா கட்டளை கட்டளையாகக் குறைத்து, கடைசியில் அவராலேயே கண்டுபிடிக்க முடியாதபடி செய்தாள். அதோடு நிற்கவில்லை. மேலே ஓடுகிற விளையாட்டு சிக்கிக்கொண்டு நின்றாலும் குருவி மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்படி செய்தாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் உண்டு.

இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி போனால் அந்தப் பக்கத்துக் குருவி என்ன பதில் தர வேண்டும் என்று பேச்சு வந்தபோது ரென்ஸ்கா ஒரு எண்ணைப் போட்டிருந்தாள். சீப்ரனுக்கு அது பிடிக்கவில்லை.

“மனுஷன் கூப்பிட்டா நம்பரா சொல்லுவான்? ‘இருக்கேன்’னு சொல்ல வை.”

அப்படியே வைத்தாள். காலையில் காப்பி போட்டதும் இருவர் வீட்டுக்கும் கேள்வி அனுப்புவது அவள் பழக்கமாகிவிட்டது. சீப்ரன்: இருக்கேன். வோபே: இருக்கேன். அதைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். யாரையும் கவனித்துக்கொள்வதற்காக அவள் இதைச் செய்யவில்லை. எழுதியது ஓடுகிறதா என்று பார்க்கிற ஆசைதான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்மேற்கிலிருந்து புயல் வீசியது. கடலணைச் சாலையில் லாரிகளை விடவில்லை. தெற்கே போகும் ரயில்களும் நின்றுவிட்டன. மாலையில் சீப்ரனின் மகள் யில்டா ரென்ஸ்காவுக்கு போன் செய்தாள். யில்டா ஸ்வோலாவில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். காரில் ஒன்றரை மணி நேரத் தூரம். அப்பா போனை எடுக்கவில்லையாம்.

“அவர் என்னிக்கு எடுத்தார்? இரு, பாத்துச் சொல்றேன்” என்றாள் ரென்ஸ்கா.

சீப்ரன் போனை ஒரு தொல்லையாகவே நினைப்பவர். அது எல்லோருக்கும் தெரியும். ரென்ஸ்கா கணினிக்கு முன்னால் போய்க் கேள்வியை அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

“இருக்கார். இப்பதான் பதில் வந்துச்சு.”

யில்டா பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. இந்தக் காற்றில் கார் எடுக்கவா வேண்டாமா என்று மதியத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்ததாகவும், இனி கவலையில்லாமல் படுப்பேன் என்றும் சொன்னாள். திங்கட்கிழமையும் அவள் கூப்பிட்டாள். ரென்ஸ்கா திரும்பவும் பார்த்தாள். திரும்பவும் அதே பதில்.

செவ்வாய்க்கிழமை புயல் ஓய்ந்தபின் வோபே பால் எடுக்க வந்தான். சீப்ரனின் வீட்டுக்கு அடுத்த பண்ணையில் மூன்று நாளுக்கொரு முறை பால் எடுப்பான். லாரியின் உயரத்திலிருந்து பார்த்தால் சீப்ரன் வீட்டு வாசல் தெரியும். தபால் பெட்டியில் செய்தித்தாள்கள் நனைந்து ஊறிப்போய் வெளியே தொங்கின. வோபே லாரியை நடுச் சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்கினான்.

பின்கதவு எப்போதும்போல் திறந்தே இருந்தது. கதவை ஒட்டிய பின்கட்டில், ஈரம் பட்டால் வழுக்கும் கல் தரையில், சீப்ரன் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மரச் செருப்பைக் கழற்றும்போது விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆணிகளில் தொங்கிய கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்திழுத்து மேலே போட்டுக்கொண்டிருக்கிறார். பூனைக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடித்திருக்கிறார். உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. வோபேயிடம் அவர் முதலில் சொன்னது, உள்ளே போய் அந்தப் பாட்டை நிறுத்து என்பது.

பக்கத்து அறையில் எம்எஸ்எக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டின் முகப்புத் திரை. படகு ஒன்று இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருந்தது. அதற்காகச் சீப்ரன் தானே அமைத்த சிறு மெட்டு முடிந்து முடிந்து மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. கேட்கிற தூரத்தில் கிடந்தவருக்கு நிறுத்துகிற தூரம் எட்டவில்லை.

ரென்ஸ்காவுக்கு வோபே வேலையிடத்துக்கே போன் செய்து சொன்னான். நடந்ததை மட்டும் சொன்னான். குருவியைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை. திரையில் மணல் ஏற்றிய ஒரு படகு பாலத்துக்கு முன்னால் வந்து காத்திருந்தது. அதைத் திறந்து, படகைப் போகவிட்டு, மூடினாள். பிறகு மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு ஸ்நேக் நகரத்து மருத்துவமனைக்குப் போனாள்.

நடைபாதையில் யில்டா நின்றிருந்தாள். அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ரென்ஸ்கா போய் அவள் எதிரே நின்றாள். யில்டா சத்தம் போடவில்லை. கோபத்தில்கூட மெதுவாகப் பேசுகிற குடும்பம் அது.

“அது பதில் சொன்னா அப்பா நல்லா இருக்கார்னு அர்த்தம்னு நினைச்சேன்” என்றாள்.

கம்ப்யூட்டர் ஓடுது என்றுதான் அர்த்தம் என்று ரென்ஸ்கா சொன்னாள்.

“அது அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும். ஆனா அன்னிக்கு அதை நினைக்கல.”

“அப்ப அது அவர் இருக்கார்னு சொல்லல. வீட்ல கரண்ட் இருக்குன்னு சொல்லிருக்கு” என்றாள் யில்டா.

தான் எழுதிய நிரலுக்கு அவ்வளவு சரியான விளக்கத்தை அதுவரை யாரும் சொன்னதில்லை என்று பிற்பாடு ரென்ஸ்காவுக்குத் தோன்றியது. ஞாயிறு மாலையே அவள் ஒரு வார்த்தை தயங்கியிருந்தால் யில்டா காரை எடுத்திருப்பாள். சீப்ரன் இரண்டு இரவு தரையில் கிடந்திருக்க வேண்டியதில்லை. இதை அவளிடம் யாரும் சொல்லிக் காட்டவில்லை. அவளே பல் துலக்கும்போதும் பாலம் தூக்கும்போதும் சொல்லிக்கொண்டாள்.

சில வாரங்கள் அவள் கணினியைத் தொடவில்லை. பிறகு தொட்டாள். வேறு என்ன செய்ய அவளுக்குத் தெரியும்? குருவியைத் திருத்தினாள். விசைகளைத் தட்டுகிறார்களா என்று கணினி பார்க்கிற அதே நொடியில்தான் குருவியும் விழிக்கிறது. கடைசி விசை தட்டி எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணி வைப்பது அதற்குப் பெரிய வேலையல்ல. இனிமேல் கேட்டால் ‘இருக்கேன்’ என்பதோடு எத்தனை நிமிடம் முன்பு விசை தட்டப்பட்டது என்பதும் வரும். மனிதர் உட்கார்ந்திருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

சீப்ரன் அப்போது இடுப்பு தேறும்வரை தங்கும் இல்லத்தில் இருந்தார். கைப்பிடித் தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ரென்ஸ்கா ஒரு சர்க்கரை ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். நடந்ததற்கு வருந்துகிறேன் என்று ஆரம்பித்தவளை அவர் கையமர்த்திவிட்டார். செருப்பைக் கழற்றத் தெரியாமல் விழுந்தவன் நான், நீ எதற்கு வருந்துகிறாய் என்றார். அந்த மெட்டைத்தான் இனி மாற்ற வேண்டும், கேட்டாலே குளிர்கிறது என்றார். அதுவரை பேச்சு நன்றாகத்தான் போனது. அவள் திருத்திய குருவியைப் பற்றிச் சொன்னதும் அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

“பக்கத்துப் பண்ணையில மாட்டுக்கெல்லாம் கழுத்துல பட்டை மாட்டியிருக்கான். எத்தனை வாட்டி அசை போட்டுச்சு, எப்ப படுத்துச்சு, எல்லாம் அவன் போன்ல வந்துரும். மாடு ஒண்ணும் சொல்லாது. நான் சொல்லுவேன். வேணாம்.”

“உங்களைப் பாக்கறதுக்கு இல்ல, சீப்ரன். மறுபடி ஏதாவது ஆனா—”

“நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கிறேன், எத்தனை தடவை பாத்ரூம் போறேன்னு நீயும் என் பொண்ணும் உக்காந்து எண்ணுவீங்க. வேணாம்னா வேணாம்.”

அவள் வற்புறுத்தவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பு அவர் வீட்டை ஒழுங்குபடுத்த யில்டா வந்திருந்தாள். வழுக்காத விரிப்புகள், குளியலறையில் பிடிகள், இன்னும் என்னென்னவோ. கணினியை நிறுத்திவிட்டுப் போன வோபே வயர்களைக் கலைத்துவிட்டிருந்தான். அதைச் சரிசெய்ய ரென்ஸ்காவும் போயிருந்தாள். பின்கட்டில் நின்றபடி யில்டா சொன்னாள். விழுந்தால் அழுத்துகிற அலாரம் பொத்தானைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னால் மாட்டேன் என்கிறார். ஸ்வோலாவுக்கு வரச் சொன்னால் அதற்கும் மாட்டேன் என்கிறார். அந்தப் புதுக் குருவி ஒன்றுதான் மிச்சம்.

“அவருக்குத் தெரியாம போட முடியுமா?”

முடியும் என்று ரென்ஸ்கா சொன்னாள். தெரியாமல் இருப்பதற்காகவே எழுதப்பட்டது அது. இரண்டு நாள் அவர் கிடந்த கல் தரை காலுக்குக் கீழே இருந்தது. யில்டா வேறொன்றும் கேட்கவில்லை. ரென்ஸ்கா அறைக்குள் போய்த் கணினி தொடங்கும்போது படிக்கிற ஃப்ளாப்பி வட்டில் புதிய குருவியை எழுதிவிட்டு வந்தாள்.

ஜனவரியில் சீப்ரன் வீடு திரும்பினார். காலையில் ரென்ஸ்கா கேட்டால் பதில் வந்தது: இருக்கேன், இருபது நிமிடம். இன்னொரு நாள் இரண்டு மணி நேரம். அதை அவள் யில்டாவுக்குச் செய்தியாக அனுப்பிவிடுவாள். யில்டா ஒரு நன்றி அனுப்புவாள். வாரங்கள் இப்படிப் போயின. சீப்ரனிடம் பேசும்போது மட்டும் ரென்ஸ்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நடக்கிற வரை அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் ஒருநாள் வோபே போன் செய்தான். வேறேதோ பேச்சுக்கு நடுவில், அன்று காலை சீப்ரனை உடற்பயிற்சிக்கு ஸ்நேக்குக்கு அழைத்துப் போனதைச் சொன்னான். விடிந்ததும் கிளம்பி மதியம்தான் திரும்பினார்களாம். கிழவர் காரில் ஏறி இறங்குவதற்குள் எனக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது என்று சிரித்தான்.

ரென்ஸ்கா சிரிக்கவில்லை. அன்று காலை அவர் கணினியிலிருந்து வந்த பதில் ‘ஏழு நிமிடம்’ என்றிருந்தது. முந்தைய நாளும் ஏழு. யோசித்துப் பார்த்தால் அந்த வாரம் முழுக்கவே ஏழு. ஒரு மனிதர் தினமும் அவள் கேட்பதற்குச் சரியாக ஏழு நிமிடம் முன்னால் விசை தட்டுவதில்லை.

விஷயம் உடனே புரிந்துவிட்டது. சீப்ரன் குருவியைக் கண்டுபிடித்துவிட்டார். பிடித்தவர் வெளியே விடவில்லை. கூண்டிலேயே வைத்து, எப்போதும் ‘ஏழு’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் சைக்கிளில் போனாள். சீப்ரன் காப்பி ஊற்றினார், பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டு மூடினார். அவள் தொடங்குவதற்காகக் காத்திருந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். விளையாட்டின் கடைசிக் கட்டம் நினைவகத்தில் ஏற மறுத்தது என்றார் அவர். இலையுதிர் காலத்தில் ஏறியது, குளிர்காலத்தில் ஏறவில்லை. இடம் குறைந்திருக்கிறதென்றால் யாரோ கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்.

“கேட்டிருக்கலாம்” என்றார்.

“கேட்டேன். வேணாம்னு சொன்னீங்க.”

“அப்ப வேணாம்னுதானே அர்த்தம்.”

யில்டா பயப்படுகிறாள் என்றாள் ரென்ஸ்கா.

“பயந்தா என்கிட்ட வந்து சொல்லட்டும். என் மெஷின்கிட்ட ஏன் கேக்கறா?”

“நீங்க அதைப் பொய் சொல்ல வச்சீங்க.”

“நீ ஒளிஞ்சு பாக்க வச்ச. நான் பொய் சொல்ல வச்சேன். கணக்கு சரியாப் போச்சு.”

அவர் குரல் உயரவில்லை. ஆனால் இரண்டாவது கோப்பை காப்பி தரவில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டாவது கோப்பை தராவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான். வாசல்வரை வந்தவர், தள்ளுவண்டியைப் பிடித்தபடி, விழுந்து கிடந்ததற்கு உன்மேல் எனக்குக் கோபமே இருந்ததில்லை, அது தவறிப்போனது, இது தவறிப்போனதல்ல என்றார். அவள் தலையாட்டினாள். திரும்பும்போது காற்று எதிரே இருந்தது.

அன்று மாலையே அவள் யில்டாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கொஞ்ச காலமாக அனுப்பிய செய்திகளில் ஒன்றும் உண்மையில்லை, அப்பா கண்டுபிடித்து மாற்றிவிட்டார், இனி அதை நம்பாதே என்றாள். கோபமோ அழுகையோ வரும் என்று எதிர்பார்த்தாள். எதுவும் வரவில்லை.

“அவரேவா மாத்தினாரு?”

“அவரேதான்.”

“அது கஷ்டமா?”

எழுதியவள் வைத்த பெயரோ குறிப்போ எதுவும் மிஞ்சாமல் வெறும் எண்களாகக் கிடப்பதைப் பார்த்து, எது எதற்கென்று ஊகித்து, நடுவில் ஒரு துண்டை வெட்டி வேறொன்றைப் பொருத்த வேண்டும். இடமும் மீறக் கூடாது. “எனக்கே ரெண்டு நாள் ஆகும்” என்றாள் ரென்ஸ்கா.

பிறகு யில்டா சொன்னாள்: “விழுந்ததுக்கப்புறம் அவருக்கு மறதி வந்துருச்சோன்னு பயந்துட்டே இருந்தேன். பூனைக்குச் சாப்பாடு வச்சாரா, அடுப்பை அணைச்சாரான்னு. யாருகிட்டயும் சொல்லல.” அதற்குப்பின் சிரித்தாள், சிரிப்பு கொஞ்சம் வழி தவறி வேறெங்கோ போய் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை யில்டா வந்து அப்பாவிடம் நேராகப் பேசினாள். ரென்ஸ்கா அங்கே இல்லை. வோபே இருந்தான், அவன் சொல்லித்தான் தெரியும். பட்டாணி சூப் ஆறிப்போகிற அளவுக்குப் பேசினார்களாம். பயமாக இருக்கிறது என்று யில்டா முதல்முறையாக அந்த வார்த்தையிலேயே சொன்னாளாம். சீப்ரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கேட்பதில் தனக்கு ஆட்சேபணையில்லை, பதிலைத் தானேதான் சொல்வேன் என்றாராம்.

அடுத்த வாரம் ரென்ஸ்காவின் திரையில் சீப்ரனிடமிருந்து ஒரு வரி வந்தது. குருவியில் ஒரு வேலை இருக்கிறது, வர முடியுமா என்று கேட்டிருந்தார். மன்னிப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. போனாள். அவளுக்கான கோப்பையை அவரே கழுவி எடுத்து வைத்திருந்தார்.

இருவரும் சேர்ந்து அதைத் திருப்பி எழுதினார்கள். கேள்வி வந்தால் இனி குருவி தானாகப் பதில் சொல்லாது. திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி மின்னும். சீப்ரன் பார்த்து ஒரு விசையைத் தட்டினால்தான் பதில் போகும், விரும்பினால் இரண்டு வார்த்தை எழுதியும் அனுப்பலாம். எழுதுவதற்கு அது சுலபமாக இல்லை. கேட்ட பக்கம் பதில் வராவிட்டால் சலித்துப்போய் இணைப்பை வெட்டிவிடும். ஆகவே கேள்வி வந்து சேர்ந்தது என்பதை மட்டும் உடனே ஒப்புக்கொண்டு, பதிலை அவர் வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ரென்ஸ்காவுக்கு இப்படிப்பட்ட நிரல் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. யாருக்கும் தொந்தரவில்லாமல் கேட்பது என்றுதான் இத்தனை வருடம் அதைச் செதுக்கினாள். இப்போது அது ஒரு மனிதரின் தோளைத் தட்டிவிட்டுக் காத்து நிற்கிறது. சொன்னாள். சீப்ரன், தட்டட்டும் என்றார்.

பத்து மணிக் காப்பி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் ரென்ஸ்கா யில்டாவுக்குச் சொல்லலாம் என்பது ஒப்பந்தம். பெரும்பாலும் எட்டரைக்கே வந்துவிடும். சில நாள் வெறும் பதில். சில நாள் காற்று எந்தத் திசை, பூனை எங்கே வாந்தி எடுத்தது என்று இரண்டொரு வார்த்தை.

மார்ச் கடைசியில் ஒருநாள் பத்து மணிக்கும் பதில் இல்லை. ரென்ஸ்கா வேலையில் இருந்தாள். வீட்டு எம்எஸ்எக்ஸை அங்கிருந்தே பார்க்க வழி செய்து வைத்திருந்தாள். கால் மணி நேரம் பொறுத்தாள். வோபேயிடம் பேசினாள், அவன் லாரியோடு எங்கோ வடகிழக்கில் இருந்தான். யில்டாவைக் கூப்பிட்டாள். இந்த முறை என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிரித்துச் சொன்னாள். பதில் வரவில்லை, கணினி ஓடுகிறது, அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யில்டா, நாற்காலியில் பாதி சுத்தம் செய்த பற்களோடு இருந்த ஒருவரை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. பின்கட்டில் யாரும் இல்லை. தள்ளுவண்டியும் இல்லை. ஒவ்வொரு அறையாகக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். படுக்கை கலைந்திருந்தது, குவளையில் குடிக்காத காப்பி இருந்தது. அவள் வெளியே ஓடிவந்து வாய்க்காலோரம் பார்த்தாள். அந்த ஊரில் ஆளைக் காணவில்லையென்றால் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். அப்போது பக்கத்துப் பண்ணைத் தொழுவத்தின் வாசலில் தள்ளுவண்டி நிற்பதைக் கண்டாள்.

உள்ளே ஒரு மாடு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் வேறொரு கிராமத்தில் மாட்டிக்கொண்டதால் பண்ணைக்காரன் விடியற்காலையில் சீப்ரனை வந்து கூப்பிட்டிருக்கிறான். சீப்ரன் ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, மாட்டின் பின்பக்கம் கையைவிட்டு, கன்றின் மடங்கிய காலைத் தேடிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

“அந்தக் கயித்தைப் பிடி. நான் சொல்றப்ப இழு, அதுக்கு முன்னாடி இழுக்காத.”

யில்டா வேலையிடத்து வெள்ளைச் சட்டையோடு கயிற்றைப் பிடித்தாள்.

ரென்ஸ்காவுக்கு இது எதுவும் தெரியாது. மதியம் வரை அவள் பாலங்களைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவள் நினைத்தது ஒரே ஒரு காட்சிதான், அது பின்கட்டுக் கல் தரை. ஒரு முறை படகு முழுக்க வெளியேறும் முன்பே பாலத்தை இறக்கப் போய், படகுக்காரன் ஒலிபெருக்கியில் திட்டினான். இரண்டு மணி சுமாருக்குத் திரையில் பதில் வந்தது.

‘கிடேரிக் கன்று. தாய் எழுந்து நின்றுவிட்டது. யில்டா இன்றிரவு இங்கே தங்குகிறாள்.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு வோபேயைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருந்திருக்கிறான். இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. கிழவருக்கு ஒன்றுமில்லையே என்று ஒரு முறை கேட்டான், இல்லை என்றதும் இன்ஜினைக் கிளப்பினான்.

“அந்த மாட்டோட சீம்பாலைப் பண்ணைக்காரன் பால் டேங்க்ல ஊத்திரப் போறான், மொத்தப் பாலும் வீணாயிரும். போன வருஷமும் இதையேதான் பண்ணான். நாளைக்குப் போறப்ப ஞாபகப்படுத்தணும்” என்றான்.